வெளியேற்றற் குழாயின் விட்டம் எவ்வளவாக இருக்கவேண்டும்?



என்னிடம் படித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஒரு மாணவன் இப்போது ஒரு கராச்சில் வேலை பழகுகிறான். ஒருநாள் மாலை வகுப்பு முடியும் நேரத்தில் வந்து வாசலில் நின்றான். "சேர், ஒரு சிவிக் கார் வந்திருக்கு. மூண்டு அங்குலக் குழாய் போட்டால் கார் பறக்குமாம் எண்டு கார்க்காரர் நிக்கிறார். முதலாளி சொல்லுறார், குழாயில கொஞ்சம் அடைப்பு இருந்தால்தான் எஞ்சினுக்கு இழுவை வருமாம். ஆர் சொல்லுறது சரி?" என்று கேட்டான்.

நான் கலைப் பட்டதாரி. கார் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் எனக்கில்லை. ஆனாலும் இந்த வினாவுக்கு விடை காண உங்கள் கணித, விஞ்ஞான பாடப் புத்தகங்களில் உள்ள விடயங்களே பெரும்பாலும் போதுமானவை. வட்டத்தின் பரப்பளவு, உருளையின் கனவளவு, வாயு விதி, அமுக்கம், வேலை, வலு ஆகியவற்றை அறிந்த எவரும் இதனைக் கணிக்கலாம். அன்று நாங்கள் இருவரும் கொப்பியில் எழுதிப் பார்த்ததை இங்கு ஒழுங்காகத் தருகின்றேன். பென்சிலுடன் அமர்ந்து ஒவ்வொரு படியையும் நீங்களும் செய்து பாருங்கள்.

1. எஞ்சினில் நடைபெறுவது என்ன?

நான்கடிப்பு எஞ்சினின் அடிப்புகளை மீட்டுக்கொள்வோம். உறிஞ்சல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என அவை நான்காகும். நூல்களில் முசலம் எனவும் கராச்சில் பிஸ்ரன் எனவும் சொல்லப்படும் பகுதி, வெளியேற்றல் அடிப்பின்போது மேலெழுந்து எரிந்த வாயுவை வெளியே தள்ளுகின்றது. அவ்வாயு கிளைக்குழாய்கள், ஊக்கி மாற்றி, நீண்ட குழாய், சத்தந்தணிப்பான் ஆகியவற்றைக் கடந்து காரின் பின்புறத்தால் வெளியேறுகின்றது.

இப்பாதை ஒடுக்கமானால் முசலம் கூடிய அமுக்கத்தை எதிர்த்துத் தள்ளவேண்டும். இந்த மேலதிக அமுக்கம் பின்னமுக்கம் எனப்படும். இதனால் இரண்டு நட்டங்கள் ஏற்படுகின்றன.

(அ) வாயுவைத் தள்ளுவதற்கு எஞ்சின் தனது வேலையில் ஒரு பங்கைச் செலவிடுகின்றது.
(ஆ) எரிந்த வாயுவில் ஒரு பகுதி உருளையினுள் தங்கிவிடுகின்றது. அது பிடித்த இடத்துக்குப் புதிய காற்றும் பெற்றோலும் வரமுடியாது.

ஆகவே பின்னமுக்கம் எஞ்சினுக்கு ஒருபோதும் நன்மை தருவதில்லை. அப்படியானால் அனுபவசாலிகள் பலர் "கொஞ்சம் அடைப்பு வேண்டும்" என்று சொல்வது ஏன்? அதனை 6ஆம் பகுதியில் பார்ப்போம். முதலில் கணிப்புக்கு வருவோம்.

2. எடுத்துக்கொள்ளும் எஞ்சின்

1997 இல் யப்பானில் வெளிவந்த ஹொண்டா சிவிக் ரைப் ஆர் காரின் எஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். இதற்கு நான்கு உருளைகள் உண்டு. உருளையின் விட்டம் 81 மில்லிமீற்றர். முசலம் அசையும் தூரம் 77.4 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 8200 சுழற்சிகளில் இது 136 கிலோவாற்று வலுவைத் தரும். யப்பானியக் கணக்கில் இது 185 பரிவலு ஆகும். சுழலி ஊதி எதுவும் இல்லாமல் 1.6 லீற்றர் எஞ்சின் ஒன்று இவ்வளவு வலுவைத் தருவது சாதாரண விடயமன்று.

படி 1: எஞ்சினின் கனவளவு

ஆரை 4.05 சென்ரிமீற்றர்.
ஓர் உருளை = 22/7 × 4.05 × 4.05 × 7.74 = 399 கன சென்ரிமீற்றர்.
நான்கு உருளைகள் = 1596 கன சென்ரிமீற்றர்.

உற்பத்தியாளர் தரும் பெறுமானம் 1595 ஆகும். 22/7 என்பது அண்ணளவான பெறுமானம் என்பதாலேயே இந்த ஒன்று வித்தியாசப்படுகின்றது. நாம் 1.595 லீற்றர் எனக் கொள்வோம்.

படி 2: ஒரு செக்கனில் உள்ளே செல்லும் காற்று

நான்கடிப்பு எஞ்சின் இரண்டு சுழற்சிகளுக்கு ஒருமுறையே காற்றை உறிஞ்சும். மாணவர்கள் அதிகமாகப் பிழைவிடும் இடம் இதுதான். ஆகவே 8200 ஐ 2 ஆல் வகுக்கவேண்டும்.

4100 × 1.595 = நிமிடத்துக்கு 6540 லீற்றர்.
60 ஆல் வகுக்க, செக்கனுக்கு 109 லீற்றர்.

உருளைகள் முற்றாக நிரம்புகின்றன என இங்கு கொண்டுள்ளோம்.

படி 3: திணிவு

ஒரு லீற்றர் காற்றின் திணிவு ஏறத்தாழ 1.2 கிராம். எனவே காற்றின் திணிவு செக்கனுக்கு 131 கிராம். முழு வலுவில் ஓடும்போது சுமார் 12.5 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெற்றோல் என எடுப்போம். பெற்றோல் செக்கனுக்கு 10.5 கிராம். திணிவுக் காப்பு விதிப்படி, வெளியேறும் வாயுவின் திணிவு செக்கனுக்கு 131 + 10.5, அதாவது ஏறத்தாழ 141 கிராம்.

நமது கணிப்பு சரியான பாதையில் செல்கின்றதா எனச் சோதிப்போம். ஒரு கிராம் பெற்றோல் எரியும்போது சுமார் 44 கிலோயூல் வெப்பம் கிடைக்கின்றது. 10.5 × 44 = செக்கனுக்கு 462 கிலோயூல். அதில் 136 கிலோயூல் மாத்திரமே பயன்தரு வேலையாக மாறுகின்றது. வினைத்திறன் ஏறத்தாழ 29 சதவீதம். பெற்றோல் எஞ்சினுக்கு இது பொருத்தமான பெறுமானமே. மீதிச் சக்தியில் பெரும்பங்கு, நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் குழாய் வழியாகச் சூடாக வெளியேறிவிடுகின்றது என்பதையும் கவனியுங்கள்.

படி 4: சூடான வாயுவின் கனவளவு

அமுக்கம் மாறாதபோது வாயுவின் கனவளவு தனி வெப்பநிலைக்கு நேர்விகிதசமம் எனச் சாள்சின் விதி கூறுகின்றது. உள்ளே வந்த காற்று 27 பாகை செல்சியஸ், அதாவது 300 கெல்வின். குழாயின் நடுப்பகுதியில் வாயு 500 பாகை செல்சியஸ், அதாவது 773 கெல்வின் எனக் கொள்வோம்.

109 × 773 ÷ 300 = 281 லீற்றர்.

ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 281 லீற்றர் வாயு இக்குழாயினூடாகச் செல்லவேண்டும். வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றாமல் 27, 500 என்ற எண்களையே இட்டால் விடை 2000 லீற்றரைத் தாண்டிவிடும். இதையும் ஒருமுறை செய்து பாருங்கள், பிறகு மறக்கமாட்டீர்கள்.

3. வாயுவின் கதி

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிப் பாயும். ஒரே அளவு பாய்பொருள் ஒடுக்கமான வழியால் செல்லவேண்டுமானால் அதன் கதி கூடவேண்டும். செக்கனுக்குச் செல்லும் கனவளவைக் குறுக்குவெட்டுப் பரப்பளவால் வகுத்தால் கதி கிடைக்கும்.

கராச்சில் குழாயை வெளிவிட்டத்தால் குறிப்பிடுவார்கள். வாயு செல்வதோ உள்விட்டத்தினூடாக. சுவரின் தடிப்பு சுமார் 1.5 மில்லிமீற்றர் எனக் கொண்டு கணித்தால் பின்வரும் அண்ணளவான பெறுமானங்கள் கிடைக்கும்.

2 அங்குலம்: உள்விட்டம் 48 மில்லிமீற்றர், பரப்பளவு 18.1 சதுர சென்ரிமீற்றர், கதி செக்கனுக்கு 155 மீற்றர்.
2¼ அங்குலம்: உள்விட்டம் 54 மில்லிமீற்றர், பரப்பளவு 22.9 சதுர சென்ரிமீற்றர், கதி செக்கனுக்கு 123 மீற்றர்.
2½ அங்குலம்: உள்விட்டம் 60 மில்லிமீற்றர், பரப்பளவு 28.3 சதுர சென்ரிமீற்றர், கதி செக்கனுக்கு 99 மீற்றர்.
3 அங்குலம்: உள்விட்டம் 73 மில்லிமீற்றர், பரப்பளவு 41.9 சதுர சென்ரிமீற்றர், கதி செக்கனுக்கு 67 மீற்றர்.

4. அமுக்க இழப்பு: ஐந்தாம் அடுக்கின் வேலை

குழாயின் சுவரில் உராய்வதால் ஏற்படும் அமுக்க இழப்பு, கதியின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமாகவும் விட்டத்துக்கு நேர்மாறு விகிதசமமாகவும் இருக்கும். கதியோ விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமமாகும். இவையிரண்டையும் சேர்த்தால், ஒரே அளவு வாயு பாயும்போது அமுக்க இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு நேர்மாறு விகிதசமம் ஆகின்றது. விட்டத்தில் சிறிய மாற்றம் இழப்பில் பெரிய மாற்றத்தைத் தருவது இதனாலேயே.

3 மீற்றர் நீளமுள்ள நேரான குழாய்க்கு, உராய்வுக் குணகத்தை 0.02 எனக் கொண்டு கணித்தால்:

2 அங்குலக் குழாயில் இழப்பு சுமார் 7.5 கிலோபசுக்கால்.
2¼ அங்குலக் குழாயில் சுமார் 4.2 கிலோபசுக்கால்.
2½ அங்குலக் குழாயில் சுமார் 2.5 கிலோபசுக்கால்.
3 அங்குலக் குழாயில் சுமார் 0.9 கிலோபசுக்கால்.

2 அங்குலத்திலிருந்து 2½ அங்குலத்துக்குப் போனால் 5 கிலோபசுக்கால் மிச்சம். 2½ அங்குலத்திலிருந்து 3 அங்குலத்துக்குப் போனால் 1.6 கிலோபசுக்கால் மாத்திரமே மிச்சம். இரண்டிலும் அரை அங்குலமே கூடியிருக்கின்றது. ஆனால் பலன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

5. இது எத்தனை பரிவலு?

"கார் பறக்கும்" என்ற கூற்றை இப்போது அளந்து பார்ப்போம். அமுக்கம் × கனவளவு = வேலை.

5 கிலோபசுக்கால் மிச்சமானால்:
5000 × 0.001595 = ஒரு வட்டத்துக்கு 8 யூல்.
செக்கனுக்கு வட்டங்கள் = 4100 ÷ 60 = 68.3.
வலு = 8 × 68.3 = ஏறத்தாழ 546 வாற்று. இது முக்கால் பரிவலு அளவாகும்.

1.6 கிலோபசுக்காலுக்கு இதே முறையில் கணித்தால் ஏறத்தாழ 175 வாற்று வரும். அது கால் பரிவலு அளவுதான்! உருளையில் தங்கும் எரிந்த வாயு குறைவதால் கிடைக்கும் நன்மை இதனுடன் மேலதிகமாகச் சேரும். அப்படியிருந்தும் 185 பரிவலு எஞ்சினில் இந்தக் கடைசி அரை அங்குலத்தை ஓட்டுபவர் உணர்வது கடினம்.

இது முழு வலுவில், 8200 சுழற்சிகளில் கிடைக்கும் பலன் என்பதையும் மறவாதீர்கள். 3000 சுழற்சிகளில் பாயும் வாயு சுமார் 37 சதவீதமே. இழப்பு பாய்ச்சலின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆகவே 2½ அங்குலக் குழாயின் 2.5 கிலோபசுக்கால் சுமார் 0.3 ஆகிவிடும். பட்டணத்துத் தெருவில் ஓடும் காருக்கு அன்றாடம் நிகழ்வது இதுதான்.

அப்படியானால் உண்மையான இழப்பு எங்கே? வளைவுகளிலும் சத்தந்தணிப்பானிலும் ஊக்கி மாற்றியிலும்தான். நேரான குழாயை வீட்டிலேயே கணித்துவிடலாம். மலிவான சத்தந்தணிப்பானின் தடையைக் கணிக்க இயலாது. குழாயைச் சாதாரண இயந்திரத்தில் வளைத்தால் வளைவு நசுங்கி உள்விட்டம் குறையும். 2½ அங்குலம் என்று காசு கொடுத்து வாங்கிய குழாய் நசுங்கிய இடத்தில் 2 அங்குலம் போலவே நடக்கும். உள்ளே தாங்கி வைத்து நசுங்காமல் வளைத்த குழாயே சிறந்தது. பின்புறம் பளபளக்கும் அகன்ற வாய் அழகுக்கு மாத்திரமே. பாதையின் மிக ஒடுங்கிய இடந்தான் கணக்கில் வரும்.

6. "கொஞ்சம் அடைப்பு வேண்டும்" என்பது ஏன் வந்தது?

வெளியேற்றல் வால்வு திறக்கும்போது வாயு துடிப்புத் துடிப்பாக வெளிவருகின்றது. ஒவ்வொரு துடிப்பும் ஓர் அமுக்க அலையாகும். 500 பாகை செல்சியஸில் ஒலியின் கதி செக்கனுக்கு 500 மீற்றருக்கும் அதிகம். இவ்வலை கிளைக்குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தை அடைந்ததும் அதன் ஒரு பகுதி ஐதாக்க அலையாகத் தெறித்துத் திரும்பி வருகின்றது. வெளியேற்றல் அடிப்பின் இறுதியில் இரு வால்வுகளும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் ஐதாக்கம் வந்து சேர்ந்தால், மிஞ்சிய எரிந்த வாயு வெளியே இழுக்கப்பட்டுப் புதிய கலவை உள்ளே வரும். வேகமாகச் செல்லும் வாயு நிரலின் சடத்துவமும் இதற்கு உதவுகின்றது.

இந்த நன்மை கிளைக்குழாய்களின் நீளத்திலும் விட்டத்திலுமே பெரிதும் தங்கியுள்ளது. கிளைக்குழாய்களை அளவுக்கு மீறி அகலமாக்கினால் வாயுவின் கதி குறைந்து, குறைந்த சுழற்சிகளில் இழுவை கெட்டுப்போகும். இதனைக் கண்டவர்கள் "அமுக்கம் குறைந்தது, இழுவையும் குறைந்தது" என முடிவு செய்தார்கள். அவர்கள் கண்டது உண்மை. சொன்ன காரணம் பிழை. கெட்டுப்போனது கதியும் அலையின் நேரமுமே. இணைப்புக்குப் பின்னால் துடிப்புகள் கலந்து பாய்ச்சல் ஓரளவு சீராகிவிடும். அங்கு குழாய் சற்றுப் பெரிதானாலும் இழுவைக்கு நேரும் தீங்கு சிறிதே.

ஒரு நிகழ்வுடன் இன்னொன்று சேர்ந்து வந்தால் முதலாவதே இரண்டாவதற்குக் காரணம் என எண்ணிவிடக்கூடாது. விஞ்ஞானப் பரீட்சையிலும் வாழ்க்கையிலும் இது ஒரு முக்கியமான பாடம்.

7. பெரிய குழாயால் வரும் தொல்லைகள்

(அ) சத்தம். நெடும்பயணத்தில் காரினுள்ளே விடாத இரைச்சல் கேட்கும். அயலவரின் தூக்கமும் கெடும்.
(ஆ) தரைக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளி குறையும். வேகத்தடையில் குழாய் அடிபடும்.
(இ) பாய்ச்சல் மாறும்போது காற்று, பெற்றோல் விகிதமும் மாறலாம். அதனைச் சரிசெய்யாவிட்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகலாம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. வெட்டி ஒட்டிய பொருத்துகள் கசிந்தால் காபனோரொட்சைட்டு காரினுள்ளே வரக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. அது குருதியின் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட மிக இலகுவாகச் சேரும். நித்திரை வருவது போலிருக்கும், ஆனால் அது நித்திரையன்று. எந்த விட்டத்தில் குழாய் போட்டாலும் பொருத்துகளைச் சோதிக்காமல் காரை வெளியே விடக்கூடாது.

சிலர் தடை குறையட்டும் என ஊக்கி மாற்றியைக் கழற்றிவிடுவார்கள். அதிலுள்ள பிளாற்றினம், பலேடியம், உரோடியம் ஆகிய உலோகங்களே காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபன்களையும் நைதரசன் ஒட்சைட்டுகளையும் தீங்கு குறைந்தவையாக மாற்றுகின்றன. நமது நாட்டில் வாகனப் புகைப் பரிசோதனை 2008 இல் ஆரம்பிக்கப்பட்டது. வருமான அனுமதிப் பத்திரத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவை. சான்றிதழுக்காக மாத்திரமல்ல, பின்னால் சைக்கிளில் வரும் உங்கள் தம்பி தங்கையின் மூச்சுக்காகவும் அது இருக்கவேண்டும்.

8. எந்த விட்டத்தைத் தெரிவு செய்வது?

எஞ்சினின் வலுவை வைத்தே விட்டத்தைத் தெரிவு செய்யவேண்டும். காரின் பருமனோ தோற்றமோ அளவுகோல் அல்ல. நாம் கணித்த 185 பரிவலு எஞ்சினுக்கு 2¼ அங்குலம் போதுமானது. நல்ல வளைவுகளுடன் 2½ அங்குலம் மிகப் பொருத்தமானது. 3 அங்குலம் வீண் செலவு.

அப்படியானால் 3 அங்குலம் யாருக்கு? மிற்சுபிசி லான்சர் எவலூசன் போன்ற, சுழலி ஊதி பொருத்திய 280 பரிவலு எஞ்சினை எடுங்கள். வலு ஏறத்தாழ உள்ளெடுக்கும் காற்றின் திணிவுக்கு நேர்விகிதசமம். 281 × 280 ÷ 185 = செக்கனுக்கு 425 லீற்றர். 3 அங்குலக் குழாயில் இதன் கதி செக்கனுக்கு 101 மீற்றர். சிவிக்குக்கு 2½ அங்குலத்தில் வந்த கதியும் ஏறத்தாழ இதுவே! மேலும், சுழலிக்குப் பின்னால் அமுக்கம் குறையக் குறையச் சுழலி இலகுவாகச் சுழலும். ஆகவே அங்கு அகன்ற குழாய்க்கு நியாயம் உண்டு.

கார்க்காரர் ஒருவகையில் சரி, இன்னொரு வகையில் பிழை. முதலாளியும் அப்படித்தான். என் மாணவன் கொப்பித் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கணிதத்தில் சாதாரண சித்தி மட்டும் பெற்றவன் அவன். "உந்தக் கணக்கு எங்க உதவப் போகுது" என்று வகுப்பில் பலமுறை சொன்னவனும் அவனே. அடுத்த வாரம் வந்தபோது, 2½ அங்குலமே போட்டதாகவும், மிஞ்சிய காசில் நல்ல சத்தந்தணிப்பான் வாங்கியதாகவும் சொன்னான். அத்துடன், "சேர், ஐந்தாம் அடுக்கை இன்னொருக்காச் சொல்லித் தாங்கோ" என்றும் கேட்டான்.

நினைவில் வைத்திருக்கவேண்டியவை

* நான்கடிப்பு எஞ்சின் இரு சுழற்சிகளுக்கு ஒருமுறையே காற்றை உறிஞ்சும்.
* வாயுக் கணிப்பில் வெப்பநிலையைக் கெல்வினில் எழுதவேண்டும்.
* குழாயின் உள்விட்டத்தையே கணிப்பில் எடுக்கவேண்டும்.
* அமுக்க இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு நேர்மாறு விகிதசமம்.
* எஞ்சினுக்குப் பின்னமுக்கம் தேவையில்லை. தேவையானது பொருத்தமான கதியே.

பயிற்சி வினாக்கள்

1. 2 லீற்றர் நான்கடிப்பு எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6000 சுழற்சிகளில் ஓடுகின்றது. ஒரு செக்கனில் அது உறிஞ்சும் காற்றின் கனவளவு யாது?
2. 27 பாகை செல்சியஸில் உள்ள அக்காற்று 327 பாகை செல்சியஸில் வெளியேறினால் கனவளவு யாது? (அமுக்கம் மாறாது எனக் கொள்க.)
3. உள்விட்டம் 70 மில்லிமீற்றரான குழாயில் அவ்வாயுவின் கதி யாது?
4. பாய்ச்சல் மாறாமல் குழாயின் விட்டம் இருமடங்கானால் உராய்வினாலான அமுக்க இழப்பு எத்தனையில் ஒரு பங்காகும்?
5. வெளியேற்றற் குழாயின் கசிவு உயிராபத்தை விளைவிக்கக்கூடியது ஏன் என இரண்டு வாக்கியங்களில் விளக்குக.

விடைகள்: (1) 100 லீற்றர். (2) 200 லீற்றர். (3) பரப்பளவு 38.5 சதுர சென்ரிமீற்றர். கதி செக்கனுக்கு ஏறத்தாழ 52 மீற்றர். (4) 32 இல் ஒரு பங்கு. (5) 7ஆம் பகுதியை வாசித்து உங்கள் சொந்த வசனத்தில் எழுதுங்கள். மனனம் செய்து எழுதவேண்டாம்.